உரைகல் வண்டியும் மதுரை வெயிலும்

செண்பகவல்லியின் கட்டுரை தேறவில்லை என்று உரைகல் தீர்ப்பு சொன்ன அன்று மதுரையில் வெயில் நூற்றெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். காலையில் கேட்டிருந்தால் வெயில்தான் பெரிய கஷ்டம் என்று சொல்லியிருப்பாள். பதினோரு மணிக்கு வெயிலையே மறந்துபோனாள்.

உரைகல் என்றால் என்ன என்பது இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் அது வருவதற்கு முன்னால் நடந்த கூத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்தக் காலத்தில் ஒரு ஆய்வாளரின் பெருமை இரண்டே எண்களில் அடங்கியிருந்தது. எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டினார்கள். அவ்வளவுதான். சொன்னது நிஜமா என்று கேட்க நாதியில்லை. கல்யாண வீட்டு மொய் மாதிரி, நீ எனக்கு நாலு மேற்கோள் போடு, நான் உனக்கு நாலு போடுகிறேன் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பதவி, பரிசு, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் அந்த மொய்யில்தான் வந்தன.

பிறகுதான் உரைகல் வந்தது. மனிதக் கை படாத எந்திர ஆய்வகம். உலகத்தில் மூன்று ஊர்களில் கட்டி வைத்தார்கள். கட்டுரையை அதனிடம் கொடுத்தால் போதும். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே, கூட்டாமல் குறைக்காமல், தானே செய்து பார்க்கும். சொன்னது வந்தால் தேறியது. வராவிட்டால் தேறவில்லை. தேறாத கட்டுரையை நம்பி எழுதப்பட்ட அத்தனை கட்டுரைகளும் ஆட்டம் காணும். அதில் பெயர் போட்டவர்களுக்குச் சம்பளம் முதல் மரியாதை வரை எல்லாம் போகும். மொய்க் கூட்டம் ஓடி ஒளிந்தது. சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்குக் கைதட்டியவர்களில் செண்பகவல்லியும் ஒருத்தி.

அவள் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன மருத்துவ ஆய்வு நிலையத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுதியது பதினொரு கட்டுரைதான். ஆனால் அதில் ஒன்று, சர்க்கரைப் புண்ணை மூடுகிற கூழைப் பற்றியது, நானூற்றுச் சொச்சம் பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை. பட்டுப்பூச்சியிலிருந்து ஒரு புரதம், மனித ரத்தத்திலிருந்து ஒரு புரதம். இரண்டையும் கலந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால், அவை ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு நுங்கு மாதிரி ஒரு கூழாகும். ஆறாத புண்ணில் அதைத் தடவினால் அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டு புதுத் தோல் ஏறி வரும். காலை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று வந்தவர்கள் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் கட்டுரைதான் இப்போது தேறவில்லை. மூன்று ஊரிலும் தேறவில்லை.

பதினோரு மணிக்குச் செய்தி வந்தது. பதினொன்றேகாலுக்குச் சென்னையிலிருந்து பேராசிரியர் ரங்கமன்னாரின் போன் வந்தது. அந்தக் கட்டுரையில் அவளுக்கு அடுத்த பெயர் அவருடையது. பெரிய மனிதர். கூட்டு ஆய்வு என்றாலே அவர் பெயர் இல்லாமல் இருக்காது.

"செண்பகம், என்னம்மா இது?"

"எனக்கும் புரியலை சார். இங்க முப்பது பேருக்கு மேல புண் ஆறியிருக்கு. கண்ணால பாத்தது. அங்க எப்படி வராமப் போகும்?"

"உங்க ஊர்ல மட்டும் வருதுன்னா கேக்கறவா என்ன நினைப்பா? சொல்லு." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நான் உன்னைச் சந்தேகப்படலை. ஆனா என் பேர்ல இருநூறு கட்டுரை இருக்கு. என்கிட்ட பன்னெண்டு பேர் ஆராய்ச்சி பண்றா. எல்லாருக்கும் ஆட்டம் வரும். அதனால..."

"விலகல் போடப் போறீங்களா சார்?"

"போட்டுட்டேன்மா. சொல்லிட்டுப் போடணும்னுதான் நினைச்சேன்."

விலகல் என்பது ஒரு பொத்தான். அழுத்தினால் கட்டுரையிலிருந்து உங்கள் பெயர் கழன்றுவிடும், பழியும் கழன்றுவிடும். உரைகல் வந்ததிலிருந்து கூட்டாளிகள் என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிப்போயிருந்தது. மத்தியானத்துக்குள் அந்தக் கட்டுரையில் மிச்சம் இருந்தது இரண்டே பெயர்கள். ஒன்று அவளுடையது. இன்னொன்று டெல்ஃபினுடையது. தூத்துக்குடிப் பெண், செண்பகவல்லியிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவள். பட்டம் கைக்கு வருகிற நேரம்.

"நீயும் போட்டுரு டெல்ஃபின். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்," என்றாள் செண்பகவல்லி.

"நல்லாச் சொன்னீங்க மேடம். அந்தக் கூழ என் கையாலல்லா ஆட்டி வச்சேன். வந்துச்சு. வந்தத வரலன்னு எப்படிச் சொல்லுவேன்? எங்கம்மா செருப்பால அடிப்பா." அவள் பாட்டுக்குப் போய்ச் சோதனைக் குழாய்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

செண்பகவல்லிக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கேதான் உண்மையான கஷ்டம் இருந்தது. பெயர் போவது இருக்கட்டும், கால் போகப் போகிறதே.

சிக்கந்தர் பாய் சிம்மக்கல்லில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். இருபது வருஷம் கல் முன்னால் நின்ற மனிதர். குதிகாலில் வந்த புண் கூழ் தடவத் தடவப் பாதி மூடியிருந்தது. மீதிப் பாதி மூடுவதற்குள் அன்றைக்குச் சிகிச்சையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

"வாங்க டாக்டரம்மா. முகமே சரியில்லையே, கருகுன பரோட்டா மாதிரில்ல இருக்கு," என்றார் அவர்.

விஷயத்தைச் சொன்னாள்.

"பெரிய டாக்டர் இப்பத்தான் சொல்லிட்டுப் போனாரும்மா. மருந்து நின்னா சீழ் எலும்புக்கு ஏறிருமாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பாராம். இல்லன்னா கணுக்காலோட எடுத்துருவேன்னாரு. கூழுதான் டப்பாவுல இருக்குல்ல? குடுங்க, நானே தடவிக்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"தேறாத மருந்தத் தொட்டா ஆஸ்பத்திரியையே பூட்டிருவாங்க பாய்."

"அப்ப தேற வையுங்க," என்றார் சிக்கந்தர் சாதாரணமாக. "கால் இல்லாம கல்லு முன்னாடி எப்படி நிக்கிறது? உக்காந்துக்கிட்டு பரோட்டா வீசுனா அது சப்பாத்தியாப் போயிரும்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஆனால் போர்வைக்குக் கீழே இருந்த காலை அவர் கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். பயமாக இருந்தது அவளுக்கும்.

ஒரே ஒரு வழி இருந்தது. கண்முன் சோதனை. தேறாத கட்டுரையை எழுதியவர் கேட்டால், உரைகல் தன் வண்டியை அவர் ஊருக்கே அனுப்பும். வண்டிக்குள் அதே எந்திரம். எழுதியவர் கூடவே உட்கார்ந்து பார்க்கலாம், எதையும் தொடக் கூடாது. இரண்டு முறை செய்து பார்ப்பார்கள். அதிலும் வராவிட்டால் கட்டுரைக்குப் பொய் என்று முத்திரை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கேட்கிற உரிமை ஒரு கட்டுரைக்கு ஒரே தடவைதான். பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை, ஊரைக் கூட்டி அவமானப்படுவானேன் என்று. செண்பகவல்லி அன்றைக்கே கேட்டாள்.

புதன்கிழமை காலையில் வண்டி வந்தது. லாரி மாதிரி நீளம், ஜன்னல் இல்லாத வெள்ளைப் பெட்டி. நிலையத்து வாசலில் நின்ற வேப்பமரத்து நிழலுக்குள் அது நுழையவில்லை, அதனால் வெயிலிலேயே நிறுத்தினார்கள். கூட வந்தவர் இளையபெருமாள் என்று ஒருவர். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். சிரிப்பு என்பது அவர் முகத்துக்கு வந்து ரொம்ப நாளாகியிருக்கும் போலிருந்தது.

"விதி என்னன்னு தெரியும்ல மேடம்? பார்க்கலாம். பேசலாம். தொடக் கூடாது."

"உங்களுக்கு இதுல என்ன வேலை சார்?"

"கதவைத் திறக்கறது, மூடறது, சாட்சிக் கையெழுத்து வாங்கறது. மிச்சத்தை மெஷின் பாத்துக்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், "நானும் ஒரு காலத்துல ஆராய்ச்சி பண்ணவன்தான். தேறலை. அப்புறம் இவங்களே வேலை குடுத்தாங்க."

அவள் மேலே கேட்கவில்லை. தன் பாடே பெரும்பாடாக இருக்கும்போது அடுத்தவர் கதையைக் கேட்க யாருக்குத் தெம்பு இருக்கும்?

வண்டிக்குள் எந்திரக் கைகள் சத்தமில்லாமல் வேலை செய்தன. அளந்தன, ஊற்றின, கலந்தன, தட்டை ஆட்டின. செண்பகவல்லி ஒவ்வொன்றையும் கண்கொட்டாமல் பார்த்தாள். ஒரு தப்பு இல்லை. அவள் எழுதியது எழுதியபடி நடந்தது. சின்ன வயதில் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருந்த மாதிரி அவளுக்குக் கை காலெல்லாம் சில்லிட்டது. டெல்ஃபின் தன் துப்பட்டாவைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினாள்.

சாயங்காலம் தட்டின் மூடி திறந்தது. உள்ளே திரிந்த பால். தண்ணீர் தனியாக, கட்டி தனியாக. வண்டிக்குள் ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற தமிழில், "முதல் முறை. ஒத்துவரவில்லை," என்றது.

டெல்ஃபின் ஓவென்று அழுதுவிட்டாள். செண்பகவல்லிக்கு அழக்கூட வரவில்லை. இளையபெருமாள் கதவைத் திறந்தார். படியில் கால் வைத்ததும் அனல் முகத்தில் அறைந்தது, மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. தடவித் தடவிக் கீழே இறங்கி, கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே தன் ஆய்வகத்துக்குள் போனாள்.

அந்த ஆய்வகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இருந்தது ஒரே ஒரு ஏசி. அது மைக்ராஸ்கோப்புக்கு. மைக்ராஸ்கோப் விலை உயர்ந்தது, சூடு தாங்காது, அதனால் அதற்கென்று ஒரு ரூம், ரூமுக்கு ஒரு ஏசி. மனிதர்கள் சூடு தாங்குவார்கள், ஆகவே அவர்களுக்கு மின்விசிறி. நம் ஊரில் பாதி ஆய்வகத்தில் இதுதான் வழக்கம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. கூழை ஆட்டுகிற ஷேக்கர் பழசு, முரட்டு சாமான். அதற்கு மின்விசிறிகூட இல்லை. மேற்கு வெயில் அடிக்கிற தகரக் கூரைத் தாழ்வாரத்தில் ஒரு மேசையில் கிடந்தது.

செண்பகவல்லி அந்த மேசைக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றாள். என்னத்தை விட்டோம், எதை எழுதாமல் போனோம் என்று நினைத்துக்கொண்டே ஷேக்கரின் தட்டில் கையை ஊன்றினாள்.

சுட்டது. வெடுக்கென்று கையை எடுத்தாள்.

எடுத்த கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். போன வருஷம் சூடானிலிருந்து ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எங்களுக்குக் கூழ் வந்தது என்று எழுதியிருந்தார்கள், பாவம், பெயரில்லாத ஆட்கள், அதை யாரும் மதிக்கவில்லை. சூடானில் வந்தது. மதுரையில் வந்தது. உரைகல் இருக்கிற மூன்று குளிர் ஊரிலும் வரவில்லை. பகல் முழுக்க அந்த வண்டிக்குள் தனக்குக் கை சில்லிட்டது பயத்தினால் இல்லை!

"அடி டெல்ஃபினு!" என்று அவள் போட்ட சத்தத்தில் தாழ்வாரத்துப் புறாக்கள் பறந்தன. "அழுததெல்லாம் போதும்டி, இங்க வா! நம்ம கட்டுரையில எத்தனை டிகிரின்னு எழுதியிருக்கோம்?"

"அறை வெப்பநிலைன்னு எழுதியிருக்கோம் மேடம். எல்லாரும் அப்படித்தான எழுதுவாங்க?"

"எல்லாரும் எழுதுவாங்க. எழுதுனவனும் யோசிக்க மாட்டான், படிச்சவனும் யோசிக்க மாட்டான். இந்தச் சுவர்ல வெப்பமானியப் பாரு, நாம முப்பத்தேழு டிகிரி செல்சியஸ்ல ஆட்டியிருக்கோம்டி! அவனுங்க ஏசியப் போட்டு இருபத்திரண்டுல ஆட்டிக்கிட்டு வரல வரலங்கறான்!"

நானூற்றுச் சொச்சம் பேர் மேற்கோள் காட்டினார்களே, ஒருத்தர்கூடவா கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். அதில் முக்கால்வாசிப் பேர் செய்து பார்த்ததே இல்லை. மீதிப் பேர் செய்து பார்த்து, வராமல் போகவே, தங்கள் கைதான் சரியில்லை என்று வாயை மூடிக்கொண்டார்கள். மேற்கோள் என்பது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் இளையபெருமாள் வண்டிக் கதவைத் திறந்தபோது செண்பகவல்லி படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏசியை நிறுத்துங்க சார்."

"நிறுத்த முடியாது மேடம். எழுதியிருக்கிறபடிதான் செய்யணும்."

"நானும் அதைத்தான் சொல்றேன். என் கட்டுரையில ஏசி போடுன்னு எங்க எழுதியிருக்கு?"

இளையபெருமாள் கட்டுரையைப் புரட்டினார்.

"இல்ல, காட்டுங்க சார். எந்தப் பக்கம், எந்த வரி? நான் எழுதாத ஏசியை நீங்க எப்படிப் போட்டீங்க? கூட்டாம குறைக்காம செய்யுற மெஷின்தான அது?"

"ஊட்டிக்குப் போயி மாவு புளிக்கலன்னு இட்லி மேலயா சார் கேஸ் போடுவீங்க?" என்று டெல்ஃபின் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஏதோ மாறியது. கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது, அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்தார். "உங்க ஷேக்கர் எங்க மேடம் இருக்கு?" என்று கேட்டார். அவள் தாழ்வாரத்தைக் காட்டினாள். அவர் நடந்து போய், தகரக் கூரையை அண்ணாந்து பார்த்து, ஷேக்கரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். ரொம்ப நேரம் விதிகளைப் புரட்டினார்.

"வண்டிக்குள்ள இவ்வளவு குளிர் இருக்கணும்னு விதியில எங்கயும் இல்ல," என்றார் கடைசியில். "நாப்பதைத் தாண்டக் கூடாதுன்னு மட்டும் இருக்கு. தாண்டினா மெஷினோட மூளை தானா நின்னுடும். பாதியில நின்னா தேறலைன்னுதான் கணக்கு. நல்லா யோசிச்சுக்கோங்க. மே மாசம், தகரப் பெட்டி, இதுதான் கடைசித் தடவை."

"நிறுத்துங்க," என்றாள் அவள்.

ஏசி நின்றது. கைகள் வேலையை ஆரம்பித்தன. பத்து மணிக்கே உள்ளே முப்பத்தைந்து. செண்பகவல்லி சந்தோஷப்பட்டாள். உச்சிவேளை நெருங்கும்போது முப்பத்தெட்டரை, முள் இறங்குகிற வழியாக இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூழுக்குச் சூடு வேண்டும், எந்திரத்தின் மூளைக்குக் குளிர்ச்சி வேண்டும், இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தன.

"மூளை எங்க இருக்கு சார்?"

வெளிப்பக்கச் சுவரில் ஒரு இரும்புப் பெட்டியைக் காட்டினார். "வெளியில இருந்து இதைக் குளிர வைக்கலாம். விதிக்கு விரோதம் இல்லை."

அவ்வளவுதான், நிலையமே திரண்டுவிட்டது. கூரை மேல் ஈரச் சாக்கு போட்டார்கள். ஆள் மாற்றி ஆள் விசிறினார்கள். குளிர்பதனப் பெட்டியில் இருந்த ஐஸெல்லாம் அரை மணியில் தண்ணீராகப் போனது. மூளைப் பெட்டியின் முள் முப்பத்தொன்பதைத் தாண்டியது. டெல்ஃபின் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஐஸ் கேட்டாள். அங்கே இல்லை. ஆனால் அவள் கேட்டது ஒரு காதில் விழுந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. பின்சீட் முழுக்கச் சாக்கில் சுற்றிய ஐஸ் பாளங்கள். அவற்றின் நடுவில், கட்டுப் போட்ட காலைக் கம்பி மேல் நீட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சட்டையோடு சிக்கந்தர் பாய்.

"மீன் மார்க்கெட் ஐஸும்மா. கொஞ்சம் வாடை அடிக்கும். மெஷினு கோவிச்சுக்குமா?"

"உங்கள யார் பாய் படுக்கைய விட்டு எந்திரிக்கச் சொன்னது?"

"என் காலும்மா அது. நான் வராம யாரு வருவா?"

ஐஸ் பாளங்களை இரும்புப் பெட்டியைச் சுற்றி அடுக்கினார்கள். மீன் வாடை தூக்கியடித்தது. முள் முப்பத்தொன்பதரையில் நின்று யோசித்தது, பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது. எந்திரத்துக்கு ஐஸ், மனிதர்களுக்கு வேர்வை. அந்த ஊர் வழக்கத்தை அவர்கள் கடைசி வரைக்கும் விடவில்லை. உள்ளே உட்கார்ந்து பார்க்கிற உரிமை எழுதியவர்களுக்கு மட்டும்தான், ஆனால் செண்பகவல்லியோடு இளையபெருமாளும் உட்கார்ந்திருந்தார். அவர் வெளியே போயிருக்கலாம். போகவில்லை. வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கழுத்துப் பொத்தானைக்கூட அவிழ்க்காமல் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மூடி திறந்தது.

நுங்கு. பளபளவென்று, வழுவழுவென்று, தட்டை ஆட்டினால் தளும்பி நிற்கிற நுங்கு.

"இரண்டாம் முறை. ஒத்துவருகிறது," என்றது செய்தி வாசிக்கிற குரல். "கட்டுரை தேறியது. சேர்க்க வேண்டிய குறிப்பு: வெப்பநிலை முப்பத்தேழு முதல் முப்பத்தொன்பது வரை."

அப்புறம் நடந்ததை எழுதினால் பத்துப் பக்கம் வேண்டும். டெல்ஃபின் செண்பகவல்லியைத் தூக்கிச் சுற்றினாள், ஐம்பத்து நாலு வயசு உடம்பை! காவலாளி விசில் அடித்தார். சிக்கந்தர் பாய் ஆட்டோவிலிருந்தே இரண்டு கையையும் தூக்கித் துஆ செய்துவிட்டு, "எல்லாருக்கும் பரோட்டா என் செலவு, ஆனா நின்னு போடுறது அடுத்த மாசம்தான்," என்று அறிவித்தார். சிகிச்சைக்கு அனுமதி அரை மணியில் வந்தது. பெரிய டாக்டரே வந்து கூழ் டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைக் கத்தி உறைக்குள்ளேயே இருந்தது. செண்பகவல்லி வண்டிப் படியில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று தேம்பித் தேம்பி அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

அந்த அழுகையின் நடுவில் ரங்கமன்னாரின் போன்.

"செண்பகம்! எனக்குத் தெரியும்மா, நீ ஜெயிப்பேன்னு. அந்த விலகலை வாபஸ் வாங்கணும்னா முதல் ஆசிரியர் சம்மதம் வேணுமாம்..."

"அதுக்கென்ன சார், தாராளமா. மதுரைக்கு வாங்க. எங்க தாழ்வாரத்துல ஷேக்கர் பக்கத்துல ஒரு நாள் முழுக்க உக்காருங்க. சாயங்காலமாக் கையெழுத்துப் போட்டுர்றேன்."

போனை வைத்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு வாசல் வரை கேட்டது.

எல்லாம் ஓய்ந்ததும் டெல்ஃபின் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள். "யப்பா, இனிமேலாவது ஏசியப் போடுவோம்," என்று பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள்.

"போடாதீங்க!"

இளையபெருமாள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கே வெட்கமாகப் போயிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"மேடம், நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஏசி இல்லாம வச்சுக்கலாமா? வண்டி சனிக்கிழமை போனாப் போதும்."

"எதுக்கு சார்?"

"ஒரு கண்முன் சோதனை இருக்கு. ஆசிரியர் இதுவரைக்கும் கேக்கலை. இப்ப கேக்கறார்." சாட்சித் தாளை அவள் பக்கம் நீட்டினார். "சாட்சிக்கு ஒரு ஆய்வாளர் கையெழுத்து வேணும்."

செண்பகவல்லிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்க ஷேக்கர் எங்க இருந்துச்சு?"

"மொட்டை மாடிக்குப் போற படிக்கட்டுக்குக் கீழ மேடம். வேலூர்ல. ஏசி ரூம்ல இடம் இல்லைன்னு சொல்லிட்டாங்க." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு தாள் பண்ணேன். ஒரு துளி சிறுநீர் விட்டா, சிறுநீரகம் கெட ஆரம்பிச்சிருந்தா ஊதா நிறமாகும். ஊசி வேண்டாம், லேப் வேண்டாம். எனக்கு வந்துச்சு மேடம். நூறு தடவை வந்துச்சு. மெஷினுக்கு வரலை. என் கைடு அன்னிக்கே விலகல் போட்டாரு. கூட இருந்தவங்க எல்லாரும் போட்டாங்க. கேக்கற உரிமை எனக்கு இருந்துச்சு. ஊருக்கு முன்னாடி இன்னொரு தடவை தோக்கணுமான்னு கேக்கவே இல்ல. ஒன்பது வருஷம் ஆச்சு. என் கைதான் ஏதோ தப்புப் பண்ணிடுச்சுன்னு நானே நம்பிட்டேன்."

"தாளைக் காய வைக்கறதும் படிக்கட்டுக்குக் கீழதானா?"

"ஆமா மேடம்."

"கட்டுரையில என்ன எழுதினீங்க?"

"அறை வெப்பநிலைன்னுதான்," என்றார் அவர். சொல்லும்போதே முகம் கோணி, சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார்.

செண்பகவல்லி எழுந்தாள். கதவுக்கு வெளியே தலையை நீட்டினாள். "பாய்! அந்த ஐஸ்காரர்கிட்ட நாளைக்கும் வேணும்னு சொல்லிருங்க!"

வெள்ளிக்கிழமை காலையில் வண்டிக்குள் இரண்டே பேர் இருந்தார்கள், எழுதியவரும் சாட்சியும். வெளியே மீன் மார்க்கெட் ஐஸும் டெல்ஃபினின் விசிறியும் இருந்தன. சாயங்காலம் தாள் ஊதாவானது. கத்தரிப்பூ ஊதா. ஒரு தாள் இல்லை, தட்டில் இருந்த அத்தனையும். குரல் "ஒத்துவருகிறது" என்று சொல்லி முடிப்பதற்குள் இளையபெருமாள் கழுத்துப் பொத்தானை அவிழ்த்துவிட்டார்.

அதற்கப்புறம் உரைகல் தன் பழைய தீர்ப்புகளைத் தானே புரட்ட ஆரம்பித்தது. வெயில் ஊர்களிலிருந்து வந்து தேறாமல் போன கட்டுரைகள் எத்தனை என்று அதற்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சூடானுக்கு ஒரு வண்டி போனது, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, நாக்பூருக்கு ஒன்று. எல்லா வண்டியிலும் ஏசிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கேள்வி ஒட்டியிருக்கிறது, எழுதியவரின் அறையில் எவ்வளவு சூடு என்று. ரங்கமன்னார் நிஜமாகவே மதுரைக்கு வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்தார், மூன்று மணி நேரம் தாங்கினார். போனால் போகிறது என்று செண்பகவல்லி கையெழுத்துப் போட்டாள். சிக்கந்தர் பாய் இரண்டு காலிலும் புதுச் செருப்போடு கல் முன்னால் நிற்கிறார்.

மழைக்காலத்தில் செண்பகவல்லியும் டெல்ஃபினும் புதுக் கட்டுரை ஒன்று எழுதினார்கள், சூட்டில் மட்டுமே கூடுகிற பொருள்களைப் பற்றி. வெப்பநிலையை இந்தத் தடவை எண்ணில் எழுதினார்கள். அது வெளியான அன்று மத்தியானம், ஏதோ ஊரில் வண்டியோடு இருந்த இளையபெருமாளிடமிருந்து போன் வந்தது.

எடுத்தாள்.

"சொல்லுங்க."

"மேடம், நெட்ல என் கட்டுரைப் பக்கத்தைப் பாத்தேன். ஒன்பது வருஷமா மேற்கோள் சைபர்னே இருக்கும். தினமும் ஒரு தடவை பாப்பேன், கெட்ட பழக்கம்." அவர் நிறுத்தினார். "இன்னிக்கு ஒண்ணுன்னு காட்டுது மேடம். ஒண்ணு. நீங்க பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும் தம்பி?" என்றாள் செண்பகவல்லி. "நான்தான போட்டேன்."